கல்வெட்டின் கடைசிப் பக்கம்

அத்தியாயம் 19

சிவபாக்கியம் கண்ணை மூடி முப்பத்தொரு நாள் ஆகிவிட்டது. அவள் கிடந்த கட்டில் இன்னும் சுவரோரத்தில்தான் நிற்கிறது. ஆள் எத்தனை வந்தாலும் அதில் மட்டும் ஒருவரும் இருப்பதில்லை.

போன கிழமை அவள் புருசன் கதிரவேலைக் கடற்கரையில் விட்டுவிட்டு வந்தோம். உட்துறைமுகக் கரையில், மீன்பிடி வள்ளங்களுக்காக உள்ளூராட்சிச் சபை கட்டுவித்த இறங்குதுறையில். கடைசி வரிசைத் தூண் ஒன்றின் தலையைச் சுத்தியலால் தட்டிப் பெயர்த்துப் பார்த்தார் அவர். உடைந்த துண்டின் உள்ளே சிப்பி கிடந்தது. ஆற்று மணல் போட வேண்டிய கொங்கிரீட்டில் கடல் மணல் போட்டிருக்கிறார்கள். உப்பு உள்ளே இருந்து கம்பியைத் தின்னும். இரண்டு மாரி, கூடினால் மூன்று மாரி. பிறகு அந்தத் தூண் நிற்காது. முப்பத்து மூன்று வருடம் சபையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக, ரீ.ஓ.வாக, வேலை பார்த்தவருக்கு இதற்கு மேல் ஒரு பரிசோதனை தேவைப்படவில்லை.

அந்தக் கடைசி வரிசையின் ஆறு தூணும் எப்போது போட்டது என்றும் அவருக்குத் தெரியும். கொங்கிரீட் போடும்போது அவர் பக்கத்தில் நிற்க வேண்டும். நின்றதாக அன்றைய தாளில், சைற் புத்தகத்தில், கையெழுத்து வைக்க வேண்டும். மற்றத் தூண்களுக்கெல்லாம் வெயிலில் நின்றார். இந்த ஆறு தூணும் கடலுக்குள் இறங்கிய அன்று அவர் சுடலையில் நின்றார்.

அதை எழுதி அறிக்கையாக வைத்திருக்கிறார். மாகாணத்து எஞ்சினியர் திலகரத்ன இன்று மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருகிறார். செத்தவீட்டுக்கு வர முடியாமல் போனதற்காக வருகிறார். போகும்போது அறிக்கையையும் கையோடு வாங்கிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறார். வாங்கிவிட்டால் வெள்ளிக்கிழமை நடக்க இருக்கும் திறப்புவிழா நின்றுபோகும்.

அவ்வளவுதான் கதிரவேல் இன்று எதிர்பார்த்திருந்தது.

*

பாலையூற்று வீட்டில் விடியற்காலையிலேயே அடுப்பு மூட்டியாயிற்று. குசினியில் சிவபாக்கியத்தின் தங்கை நின்றாள். சல்லி ஊர்க் கரைக்காரி, மீன் கூடை தூக்கிப் பிழைப்பவள். வள்ளம் வந்தால் இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கி நின்று கூடையை வாங்கித் தலையில் வைக்க வேண்டும். அப்படி நின்று நின்று காலில் ஆறாத புண். இந்தப் பெண்டுகளுக்கு ஒரு துறை கட்டிக் குடுங்கோவன் என்று சிவபாக்கியம்தான் பத்து வருடமாகப் புருசனைக் கேட்டுக்கொண்டு இருந்தாள். கட்டி முடிகிற நேரம் அவள் இல்லை.

"வெள்ளிக்கிழமை திறக்கினம் எண்டு ஊர் முழுக்கக் கதை, அத்தான்," என்றாள் தங்கை, தேங்காய் திருவிக்கொண்டே. "முதல் கூடை நான்தான் இறக்குவன். அக்காவின்ரை பேரைச் சொல்லி இறக்குவன்."

கதிரவேல் அவளுக்கு விறகை எடுத்து வைத்துவிட்டு வெளியே வந்தார். கந்தோர்க் கதையைச் செருப்போடு வாசலில் கழற்றி விட வேண்டும் என்பது அவர் கொள்கை. எந்தக் கொந்தராத்துக்காரர், எந்த வேலை, யாரோடு சண்டை என்று வீட்டில் ஒரு நாளும் பேர் சொன்னதில்லை. சைற்றுக்குப் போனால் கொந்தராத்துக்காரர் ஊற்றித் தரும் தேத்தண்ணியைக்கூடத் தொட மாட்டார். சிவபாக்கியம் பிளாஸ்கில் ஊற்றிக் கொடுத்ததைத்தான் குடிப்பார். அந்தப் பிளாஸ்கின் மூடி மூன்று தரம் மாறிவிட்டது.

ஏழு மணிக்கு ஐயர் வந்தார். மகன் விதுசன் முற்றத்தில் இருந்தான். தர்ப்பைப் புல்லை முறுக்கி அவன் விரலில் மோதிரமாகப் போட்டு ஐயர் மந்திரம் தொடங்கினார். அம்மாவுக்குக் கொள்ளி வைத்தவன் அவன். இரண்டு வருடம் வேலையில்லாமல் திரிந்தவனுக்கு இரண்டு கிழமைக்கு முன்தான் ஏதோ கொம்பனியில் சுப்பவைசர் வேலை கிடைத்தது. எந்தக் கொம்பனி என்று தகப்பன் கேட்கவில்லை. மகனும் சொல்லவில்லை. அந்த வீட்டில் அது வழக்கம்தானே.

கிரியை முடிந்ததும் மகள் சிவரூபி கல்வெட்டுக் கட்டை அவிழ்த்தாள். முப்பத்தோராம் நாளுக்கு அடித்துக் கொடுக்கும் அந்த நினைவுப் புத்தகத்தை நேற்றுப் பின்னேரம்தான் அச்சகத்தில் இருந்து எடுத்து வந்திருந்தார்கள். முந்நூறு பிரதி. அதில் நூறு அளவில் விதுசன் நேற்றே கோயிலுக்கும் அயலுக்கும் கந்தோருக்கும் கொடுத்து முடித்துவிட்டான்.

கதிரவேல் ஒன்றை எடுத்துக்கொண்டு வாசல் கதிரையில் இருந்தார். முன்பக்கத்தில் சிவபாக்கியம், கலியாணப் படத்தில் இருந்து வெட்டி எடுத்த முகம். கீழே பிறந்த திகதி, இறந்த திகதி, தகனத் திகதி. உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு. கடைசித் தாளின் ஒரு பக்கத்தில் ரூபி எழுதிய பிள்ளைகளின் புலம்பல். வேலை தேடுகிற பட்டதாரிப் பிள்ளைக்குக் கவிதை எழுத வரும் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. இரண்டு தரம் வாசித்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டு தாளைப் புரட்டினார்.

நன்றி என்று இருந்தது. ஐயருக்கு நன்றி, அயலவருக்கு நன்றி, கந்தோர் மரணாதாரச் சங்கத்துக்கு நன்றி. அதற்குக் கீழே:

'மரணச்சடங்கு நடந்த இரண்டு நாளும் பந்தல், கதிரை, வாகன வசதி அனைத்தையும் தந்து, எட்டாம் நாள் எட்டுச் செலவு வரை மூன்று வேளை உணவும் அளித்து எங்கள் குடும்பத்தைத் தாங்கிய சின்னராசா அண்ணை அவர்களுக்கு எங்கள் இதயபூர்வமான நன்றிகள்.'

இறங்குதுறையைக் கட்டிய கொந்தராத்துக்காரரின் பேர் சின்னராசா.

*

ரூபியைக் கூப்பிட்டார். இது யார் என்று விரலை வைத்துக் காட்டினார். அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை. அந்த அண்ணைதானே எல்லாம் செய்தவர், அப்பாவுக்குத் தெரியும் என்றல்லவா நினைத்தேன் என்றாள். பந்தல்காரரைக் கூட்டி வந்தவர் அவர். நாலு சட்டி சோறும் கறியும் பெரிய வாகனத்தில் வந்து இறங்கும். அவர் படலைக்கு வெளியிலேயே நின்றுவிட்டுப் போவார்.

"நான் சங்கம் எண்டெல்லோ நினைச்சனான், பிள்ளை."

சங்கத்துக்கு மாதாமாதம் சம்பளத்தில் கழியும். உறுப்பினர் வீட்டில் சாவு என்றால் சங்கம் செய்யும். முப்பத்து மூன்று வருடத்தில் எத்தனை பேருக்குக் கழித்துக் கொடுத்திருக்கிறார். தன் வீட்டு முறை வந்திருக்கிறது என்று நினைத்தார். செத்தவீட்டில் அடுப்பு எரியாது. யார் கொண்டு வந்தது என்று அங்கே கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, கத்தரிக்காய்ப் பால்கறியை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, சங்கத்து ஆக்கள் நல்லாச் சமைக்கினம் என்று சொன்னதும் இப்போது நினைவு வந்தது. பிளாஸ்க் தூக்கித் திரிந்த மனுசன்.

விதுசனை எங்கே என்று பார்த்தார். அவன் வாழையிலை வாங்கப் போய்விட்டிருந்தான்.

"ரூபி, இந்தத் தாளைக் கிழிக்கலாமோ?"

"எல்லாத்திலயுமோ? பின்பக்கம் அம்மாவுக்கு நாங்கள் எழுதினது, அப்பா. செய்தவருக்கு நன்றி சொன்னது பிழையோ? நாங்கள் நன்றி இல்லாத ஆக்களோ?"

அந்த ஆள் யார், என்ன வேலை செய்தவர் என்று அப்போதுதான் அவளுக்குச் சொன்னார். முதல் முறையாக வீட்டுக்குள் கந்தோர்க் கதை. சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுத்தது. அறைக்குள் போய், மிச்சம் இருந்த இருநூறையும் மடியில் வைத்து ஒவ்வொன்றாகக் கடைசித் தாளைப் பிய்க்கத் தொடங்கினாள். முப்பது நாற்பது பிய்த்திருப்பாள். பிறகு ஏலாமல், பிய்த்த தாள்களுக்கு மேல் கவிழ்ந்து அழுதாள். நேற்றுக் கொடுத்த நூறையும் இனி யார் வீடுவீடாகப் போய் வாங்குவது. கதிரவேல் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

*

பத்து மணிக்கு, கந்தோரின் பிரதம லிகிதர் கலீலுர் றஹ்மான் வாழைக்குலை ஒன்றோடு வந்தார். கிண்ணியாக்காரர். பதினெட்டு வருடம் பக்கத்து மேசை. கதிரவேல் அவரைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சங்கம் என்ன தந்தது என்று கேட்டார். ஒரு மலர் வளையமும் இருபது கதிரையும் என்றார் கலீல். கேட்கிற கேள்வியிலேயே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. 

"அண்ணன், எங்கட வாப்பா மௌத்தான நேரம் எங்கட வீட்டுலயும் மூணு நாள் அடுப்பு எரியல்ல. சாப்பாடு வந்திச்சி. மாமாட ஆக்கள் அனுப்புறாங்க எண்டுதான் நான் நினச்சன். நாப்பது கழிஞ்ச பொறகுதான் ஆரெண்டு தெரிஞ்சிச்சி. அடுத்த கிழமையே அவன்ட பைல் என்ட மேசைக்கு வந்திச்சி."

"பைலை அனுப்பினியோ?"

கலீல் கிணற்றுக் கட்டில் கிடந்த சருகைத் தட்டிவிட்டார். எஞ்சினியரின் தாய் செத்தபோது குருநாகலுக்கு இரண்டு பஸ் நிறைய ஆள் ஏற்றிக்கொண்டு போனதும் சின்னராசாதான் என்று சொன்னார். றோட்டு நெடுக வெள்ளைக் கொடி கட்டியதும் அவன் பொடியன்கள்தான். சிங்கள ஆட்களின் பன்சலைக்குத் தானம் கொண்டுபோக எத்தனை கறி வேண்டும் என்றும், முஸ்லிம் ஆட்களின் மௌத்து வீட்டுக்கு எந்தக் கடையில் சமைப்பிக்க வேண்டும் என்றும், சைவ ஆட்களின் எட்டுச் செலவுக்கு என்ன சேராது என்றும் அவனுக்குப் பாடம்.

"மூணு சாதிட மையத்து வீட்டு மொறயும் நம்மட கந்தோர்ல அவனுக்குத்தான் சரியாத் தெரியும், அண்ணன். உசிரோட இருக்கிற மனுசனுக்குக் குடுத்தா லஞ்சம். நாம வாங்க மாட்டம். அவன் மையத்து வர மட்டும் பாத்துக்கிட்டு இருப்பான்."

கதிரவேல் தண்ணீர் அள்ளி முகம் கழுவினார். கழுவிவிட்டும் வாளியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். என்ன செய்யப் போகிறீர்கள் என்று கலீல் கேட்டார். எஞ்சினியரிடம் இரண்டையும் சொல்லப் போகிறேன் என்றார் கதிரவேல். சோறு தின்றதையும் சொல்வேன், தூணையும் சொல்வேன்.

சோற்றைச் சொல்ல வேண்டாம் என்று கலீல் கெஞ்சினார். சொன்னால் தூண் எடுபடாது.

"நான் சொல்லாட்டி அவன் சொல்லுவான். அச்சடிச்சு வேற வைச்சிருக்கிறம்."

*

பன்னிரண்டரைக்கு எஞ்சினியர் வந்தார். அவருடைய வாகனத்துக்குப் பின்னால் இன்னொரு வாகனம். அதிலிருந்து சின்னராசா இறங்கினார். வெள்ளை வேட்டி, திருநீறு, வெறுங்கால். செருப்பை வாகனத்துக்குள்ளேயே கழற்றி விட்டிருந்தார். படத்துக்கு முன்னால் நின்று கண்ணை மூடிக் கும்பிட்டார். அழைக்காமல் வந்தவர்தான். ஆனால் முப்பத்தோராம் நாளுக்கு வந்த மனுசனை எந்த வீட்டில் திருப்பி அனுப்புவார்கள்.

திலகரத்ன நல்ல மனுசர். திருகோணமலைக்கு வந்த பிறகு தமிழ் பேசப் படித்தவர். படத்துக்குப் பூ வைத்தார். தன் தாயும் இதே நோயில்தான் போனார் என்று கதிரவேலிடம் சொன்னார். இலை போட முன்னமே கதிரவேல் அவரை வாசலுக்குக் கூட்டிப் போய், அறிக்கையையும் கல்வெட்டையும் ஒன்றாகக் கொடுத்தார். கடைசிப் பக்கத்தைத் திறந்து, என்ன எழுதியிருக்கிறது என்று தானே வாசித்துச் சொன்னார். சங்கம் என்று நினைத்ததைச் சொன்னார். கடல் மணலைச் சொன்னார். பாரம் இறக்கி வைக்கிற ஆள் மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார்.

எஞ்சினியர் அறிக்கையின் தாள்களைப் புரட்டினார். முற்றத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் சின்னராசாவை அவர் பார்க்காமல் இருக்க முயன்றது தெரிந்தது.

"மிஸ்டர் கதிரவேல், நீங்க சொன்னது நல்லது. வேற யாரும் இப்படிச் சொல்ல மாட்டாங்க," என்றார். "ஆனா சொன்ன பிறகு இந்த ரிப்போட்ட நான் எடுக்க ஏலாது. அவர்கிட்ட உதவி வாங்கின ஆள் அவருக்கு எதிரா எழுதினா, அது நிக்காது. சேர்க்குலர் இருக்கு. வேற ஒரு ரீ.ஓ. பாக்க வேணும்."

வேறு ரீ.ஓ. யார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவனுடைய தகப்பன் போன வருடம்தான் செத்தார்.

கதிரவேல் விடவில்லை. யார் பார்த்தாலும் ஒன்று இருக்கிறது என்றார். அந்த ஆறு தூணும் போட்ட நாளில் மேற்பார்வைக்கு ஆள் இல்லை. சைற் புத்தகத்தில் அந்தத் தாள் வெறுமையாக இருக்கும். கையெழுத்து இல்லாத வேலைக்கு யாரும் சான்றிதழ் கொடுக்க முடியாது. புத்தகத்தை எடுத்துப் பாருங்கள் என்றார். ஒரு கிழமையாகக் கேட்கிறேன், புத்தகம் முதலாளி வீட்டில் என்று தட்டிக் கழிக்கிறார்கள்.

எஞ்சினியர் சின்னராசாவைக் கூப்பிட்டுப் புத்தகத்தைக் கேட்டார். அவர் மறுக்கவில்லை. வாகனத்துக்குப் போய், பொலித்தீனில் சுற்றியிருந்ததை எடுத்து வந்து, இரண்டு கையாலும் கொடுத்தார்.

"ஐயா அண்டைக்கே கையெழுத்து வைச்சுத் தந்திட்டார், சேர். துக்கத்திலை மறந்திருப்பார்."

தாள் வெறுமையாக இருக்கவில்லை. 'ஆறு தூண்கள், என் முன்னிலையில்' என்று எழுதியிருந்தது. கீழே கதிரவேலின் கையெழுத்து. முதல் எழுத்தைச் சுழித்து, கடைசியில் ஒரு புள்ளி வைக்கிற அவருடைய பழக்கம். முப்பத்து மூன்று வருடம் ஆயிரம் தாளில் வைத்த அதே புள்ளி.

எஞ்சினியர் கல்வெட்டின் முன்பக்கத்தைத் திருப்பினார். இலக்கம் எல்லா மொழிக்கும் ஒன்றுதானே. தகனத் திகதிக்குப் பக்கத்தில் சைற் புத்தகத்தின் திகதியை வைத்தார். இரண்டும் ஒன்று.

"இது உங்கட கையெழுத்தா?"

கதிரவேல் பார்த்தார். "என்ரை கையெழுத்துத்தான்."

"அப்ப நீங்க அங்க நிக்கல்ல. ஆனா நின்டதா வச்சிருக்கீங்க." எஞ்சினியரின் குரலில் கோபம் இல்லை. அதுதான் கூடக் கொடுமையாக இருந்தது. "ரிட்டயர் ஆக இன்னும் எத்தனை மாசம்?"

நாலு மாதம். அதைக் கதிரவேல் சொல்லவில்லை. அவர் கண் முன்னால் அந்தக் காலை வந்து நின்றது. பெட்டியின் தலைமாட்டில் பாயில் இருக்கிறார். பறை அடிக்கிறார்கள். ஆட்கள் தாள் தாளாக நீட்டுகிறார்கள். மரணப் பதிவுக்கு ஒன்று, சுடலைக்கு ஒன்று, ஒலிபெருக்கி அனுமதிக்கு ஒன்று. ஒரு கை தாள்களை அடுக்காகப் பிடித்து, மேல் பகுதியை மறைத்து, கையெழுத்து வைக்கிற இடத்தை மட்டும் காட்டுகிறது. ஆயுளில் வாசிக்காமல் கையெழுத்து வைத்த ஒரே நாள். 'கெதியா வையுங்கோ அப்பா, ஐயர் காத்துக்கொண்டு நிக்கிறார்' என்று ஒரு குரல்.

அந்தக் கையின் விரலில் தர்ப்பை மோதிரம் இருந்தது.

அந்த மோதிரம் கொள்ளி வைக்கிறவனுக்கு மட்டும் போடுவது.

"யார் இந்தத் தாளை உங்ககிட்ட கொண்டு வந்தது?" எஞ்சினியர் பேனையைத் திறந்துகொண்டு கேட்டார். "பேர் சொன்னா நான் எழுதிக்கொள்ளலாம். உங்களுக்கு அது ஒன்றுதான் வழி."

விறாந்தையில் விதுசன் பாயச வாளியோடு நின்றான். அகப்பை வாளிக்குள் அசையாமல் இருந்தது. சின்னராசா அவனைப் பார்க்கவே இல்லை. ஒரு முதலாளி தன் சுப்பவைசரைப் பார்க்கத் தேவையில்லை. ரூபி, கிழிந்த கல்வெட்டு ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி, தமையனின் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கதிரவேல் எட்டிச் சைற் புத்தகத்தை மூடினார்.

"தெரியாது, சேர்," என்றார்.

முப்பத்து மூன்று வருடச் சேவையில் மேலதிகாரி ஒருவருக்கு அவர் சொன்ன முதல் பொய் அது. எஞ்சினியர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

குசினிக்குள் இருந்து சிவபாக்கியத்தின் தங்கையின் குரல் கேட்டது. இலை போட்டாச்சு, எல்லாரையும் வரச் சொல்லுங்கோ என்றாள். சின்னராசாதான் முதலில் போய்ப் பந்தியில் இருந்தார்.